தலைமாட்டில் ஒரு மோட்டார்

ஜூன் 2, திங்கள்

மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. வாயில் வராததையெல்லாம் உன் தலையில் கொட்டப்போகிறேன்.

மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்ததிலிருந்து நான் பேசிய மிக நீண்ட வாக்கியம் "சரி சார்". இப்போது சித்தியும் இங்கேதான் இருக்கிறாள். சிறுநீரக மாற்று அறுவை முடிந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையில். சின்னத் தொற்றுகூட ஆகாது. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. வருகிற நர்ஸிடமெல்லாம், "எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி இவதான். இந்த ஆஸ்பத்திரியே இவ கையிலதான் ஓடுது!"

திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜூன் 3

சித்தியின் பக்கத்து அறை காசநோயாளிகளுக்கானது. இப்போது காலி, வெள்ளிக்கிழமை ஒருவர் வருகிறார். அந்த அறைக் காற்று தாழ்வாரத்துக்கு வரவே கூடாது. விசிறி அதை உறிஞ்சி, கூரைக்கு மேலே தள்ளிவிட வேண்டும். மூடிய கதவின் அடி இடுக்கில் டிஷ்யூ காகிதம் பிடித்தால் உள்பக்கம் இழுபட வேண்டும்.

முட்டிபோட்டுப் பிடித்தேன். காகிதம் நேராக என் மூக்குக்கு வந்தது! விசிறியை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

ஜூன் 4

தலைமைப் பொறியாளரிடம் சொல்லப் போனேன். வாசலோடு திரும்பினேன். மறுபடி போனேன். "என்னம்மா?"

"மணி பார்க்க வந்தேன் சார்."

அவர் அறைக் கடிகாரம் ஓடவில்லை.

ஜூன் 5

எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பிடித்தேன். "அந்த ரூம் ஃபேன ஏன்ணே நிறுத்தினீங்க?"

"ரூம் காலிதானேம்மா. மேடம் ஆர்டர்னு உங்க சித்தி சொன்னாங்க."

"எந்த மேடம்?"

"நீங்கதாம்மா!"

சித்தியோ அசரவில்லை. "ஆமாண்டி. என் தலைமாட்டுக்கு மேல அந்த ஃபேனோட மோட்டார், மில்லு ஓடுற மாதிரி. மனுஷி தூங்க வேணாமா? ஒரு ஃபேன நிறுத்த முடியலன்னா நீ படிச்சு என்ன பிரயோஜனம்?"

"நாளைக்கு அங்க வர்றவர் இருமினா உனக்குத்தான் ஆபத்து சித்தி! உன் உடம்பு தாங்குமா?"

சித்தி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அதுக்கு இப்படியா கத்துவ?"

கத்தினேனா? நானா?

ஜூன் 6, வெள்ளி

நோயாளி வருவதற்குள் விசிறி ஓடியது. காகிதம் சமர்த்தாக உள்ளே போனது. சித்தியைத் தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு மாற்றியாயிற்று. அந்த நர்ஸுகளுக்கும் என் டிகிரி தெரிந்துவிட்டது.

தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — சித்தி உட்பட. சிரித்துவிட்டார். "சித்தி மேல புகார் எழுதிடலாமா?"

"எழுதுங்க சார். ஆனா தலைக்கு மேல மோட்டார வெச்சா, யார் படுத்தாலும் நிறுத்தத்தான் சொல்லுவாங்க."

சிரிப்பு நின்றது. மேசையில் விரித்திருந்த புதுக் கட்டிட வரைபடத்தை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அதிலும் கட்டில், அதற்கு மேலே மோட்டார்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு வாசல்வரை வந்தேன். திரும்பினேன்.

"சார், இத கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்குக் குடுப்பீங்களா? பென்சிலோட உட்காரணும்."