கேணியடி வீட்டு ஆணிகள்

அன்புள்ள அண்ணைக்கு,

ஆறு வருடமாகக் கதைக்காதவள் எழுதுகிறாளே என்று திகைக்க வேண்டாம். கேணியடி வீட்டைத் திறந்துவிட்டேன்!

போரில் இடம்பெயர்ந்து இருபத்தேழு வருடங்களுக்குப் பின் காணி திரும்பக் கிடைத்தபோது, நாம் இருவரும்தானே போய்ப் பார்த்தோம். கூரையும் இல்லை, கதவும் இல்லை. "உதிலை என்ன கிடக்கு? கல்லும் பாம்பும்தான். வித்துத் தள்ளு" என்றுவிட்டுக் கனடாவுக்குப் பிளேன் ஏறினீர்கள். விறாந்தைச் சுவரில் அப்பா அடித்த ஆணிகள் அப்படியே இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் நம் வீட்டு அறைகளில் வாடகைக்குத் தங்கியிருந்து, கேணி ஊற்றில் குளித்துக் கால் சுகமானவர்கள், தாங்கள் ஊன்றி வந்த பொல்லுகளைக் கொழுவிவிட்டுப் போன ஆணிகள்.

விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை; அதோடு நம் பேச்சும் நின்றது. கூரை போட்டேன். ஐந்து அறைகளில் நான்கு இப்போது நிறைந்திருக்கின்றன.

முந்தநாள், ஒரு மாதம் தங்கிக் குளித்த வட்டுக்கோட்டை சோமசேகரம் மாஸ்டர், தன் வீட்டுக்குப் புறப்பட்டார். ஓட்டோவில் ஏறியிருந்த அவர் மனைவி, "இஞ்சருங்கோ, பொல்லை மறந்திட்டியள்!" என்று கத்தினார்.

"மறக்கேல்லையப்பா. அது அங்கையே தொங்கட்டும்" என்று கைவீசி நடந்தார் மாஸ்டர்.

அந்தப் பொல்லுக்கு முன்னால் நின்று தனியே, சத்தமாகச் சிரித்தேன் அண்ணை.

முழங்கால் மடக்க முடியாமல் நீங்களும் பொல்லூன்றித்தான் நடக்கிறீர்கள் என்று மச்சாள் சொல்லி அறிந்தேன். கேணியைப் பார்த்த உங்கள் அறையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மாஸ்டரின் பொல்லுக்குப் பக்கத்து ஆணியையும் துருச் சுரண்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டை விற்காத தங்கச்சி