கீறல் இருக்கு

என்னங்க, உங்களுக்கு என் வணக்கம். சாமி புண்ணியத்தில் நானும் உங்கள் மகளும் சுகம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. பயப்பட ஒன்றுமில்லை. இவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனால், ஆய்வுக்கூடத்தில் அந்த மீசைக்காரப் பேராசிரியர் நிற்கிறார்! முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, "கீறல் இருக்கு, மறுபடி தேய்" என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய உலோகத் துண்டுகளை நாள் முழுக்க இவளைத் தேய்க்க வைத்தே வாட்டினாரே, இவள் கண்டுபிடித்ததைத் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டாரே, அவரேதான். அவர் உருவாக்கிய உலோகம் உடைந்துவிட்டதாம். காரணம் கேட்டு, உடைந்த துண்டோடு, துறைத் தலைவியான நம் மகளிடமே வந்திருக்கிறார்.

"கொண்டு வந்தவங்கதான் தேய்க்கணும் சார், இங்க அதுதான் வழக்கம்" என்றாள் இவள்.

மாணவர்கள் முன்னால் மீசைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்த்தார். இவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள்.

"கீறல் இருக்கு சார், மறுபடி தேய்ங்க."

சாயங்காலம்வரை அதே பாட்டு. அவர் விரலெல்லாம் கறுத்துப்போயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "நிஜமாவே அவ்வளவு கீறலாடி?"

"முதல் தடவை இருந்துச்சும்மா."

மன்னிப்புக் கேட்கலாமென்று சாமி முன் உட்கார்ந்தேன். வாய் நன்றிதான் சொன்னது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் சின்ன சாமி விளக்கைக் கொடுத்தனுப்புங்கள். போனில் பேசுவதோடு கடிதமும் எழுதுங்கள். பகலில் பேச ஆளில்லை, திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

அவசரமாக முடிக்கிறேன். அவரை இன்றும் வரச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டை இன்று சீக்கிரமே கொண்டுபோகிறேன்.