பழுப்பேறாத தாள்

ஜூன் 9

பொய்ப்பல்லுக்கு நிறம் பார்க்கும் என் மகளுக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் முனகுகிறது. மழை விட்டதும் காடு முழுக்கக் காளான். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். விழுந்த மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூட்டம், காது மடல் மாதிரி. இன்னொன்று ஊதா, விரல் நகத்தளவுதான். மண்ணில் குப்புறப் படுத்துப் படமெடுத்தேன். என்னை எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பார்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒரு பெரிய காளான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இதைச் சாப்பிடலாமா சார்?" என்றார். இந்தக் காட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வகை உண்டு. குடைக்கு அடியில் விசிறி போல மடிப்பு இருக்கும். அது மஞ்சளாக இருந்தால் சாப்பிடலாம், வெள்ளையாக இருந்தால் ஆளையே முடித்துவிடும். குனிந்து பார்த்தேன். "மஞ்சள்தான், சாப்பிடலாம்" என்றேன்.

"எனக்கு வெள்ளையாத் தெரியுதே சார்" என்று இழுத்தார். நூலுக்கு நூல் நிறம் பார்த்துத் தைக்கிறவருக்கே இந்தக் கதி. "அச்சாபீஸ்ல வாழ்நாள் பூரா நிறம் பார்த்தவன்மா நான். ஒரு சொட்டு மை கூடினாலும் மெஷினை நிறுத்தச் சொன்னவன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க சொன்னா சரி சார்." நாங்கள் எதையும் பறிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பார்ப்பது, படமெடுப்பது, அதோடு சரி.

நிறம் சரிபார்க்கக் காளான் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வைப்பேனே, இனி அது இருக்காது. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கட்டு மொத்தமும் பழுப்பேறிவிட்டது. உனக்குக் கடிதம் எழுதத்தான் அது லாயக்கு. எனக்கு என் கண் போதும்.

அன்புடன்,
காட்டில் உருளும் உன் அப்பா


ஜூன் 14

அன்பான அப்பாவுக்கு,

படங்கள் வந்தன. கோபிக்காமல் படியுங்கள். ஆறேழு மாதமாக உங்கள் படங்களில் நீலம் ஏறிக்கொண்டே வருகிறது. நீங்கள் ஆரஞ்சு என்று எழுதிய காளான் எனக்குச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. பிரிண்ட் போடும் மெஷினைத் திட்டாதீர்கள். பழுப்பேறிவிட்டது என்கிறீர்களே, அந்தத் தாள், அதாவது உங்கள் கடிதம், இதோ என் மேசையில் இருக்கிறது. லேபில் பல்லுக்கு நிறம் பொருத்தும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். அதில் பழுப்பு இல்லை அப்பா.

கண்ணில் புரை வளர்ந்தால் எல்லாவற்றிலும் மஞ்சள் படிந்து தெரியும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அந்த மஞ்சளைச் சரிக்கட்டத்தான் நீங்கள் உங்களை அறியாமல் பிரிண்டில் நீலத்தை ஏற்றுகிறீர்கள். சின்ன ஆபரேஷன்தானாம். தள்ளிப்போடாமல் போங்கள். நீங்கள் யாரும் எதையும் பறிப்பதில்லை என்பதால்தான் நிம்மதியாக எழுதுகிறேன்.

கோபம் தணிந்ததும் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 20

மகளே,

கண் டாக்டர் பேச்சு பிறகு. தையல்காரம்மா போய்விட்டார்.

நாங்கள் பார்த்த இடத்துக்கே மறுவாரம் தனியாகப் போய், காளான் பறித்து வந்து சமைத்திருக்கிறார். பஸ் டிரைவரான கணவர் வெளியூர் ஓட்டத்திலிருந்து திரும்புவதற்குள் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஈரல் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சட்டை இன்னும் ஊசிக்கடியில் இருக்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க காட்டினதை விட்டுட்டு வேற எதையோ பறிச்சிட்டா சார். எப்பவும் அவளுக்கு அவசரம்தான்." எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

நான் காட்டியது மஞ்சள். அன்றைக்கு அதைப் படமெடுத்தேன். என் பிரிண்டை நீ நம்ப மாட்டாய், அதனால் நிறத்தில் கை வைக்காமல் படத்தை அப்படியே வேறொரு மெமரி கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் லேபில் வைத்துப் பார். மடிப்பு என்ன நிறம்? ஒரே ஒரு சொல் எழுது. நீ சொன்னால் நம்புவேன்.

அப்பா


ஜூன் 27

அப்பா,

மஞ்சள்.

நன்றாகப் பார்த்துவிட்டேன். அவர் வேறு எதையோதான் பறித்திருக்கிறார். மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கண் ஆபரேஷனுக்கும் இப்போது அவசரமில்லை. நான்தான் ஏதோ பெரிதுபடுத்திவிட்டேன். இந்த வயதில் கத்தி படாமல் இருப்பதே நல்லது. நடையையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கேமராவை யாருக்காவது கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள். உங்களுக்கென்று அறை ஒழித்து வைத்திருக்கிறேன், வெயில் நன்றாக வரும்.

உங்கள் மகள்


ஜூலை 24

என் மகளுக்கு,

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டும் பிரித்தாகிவிட்டது. நீ போ போ என்றபோது நான் அசையவில்லை. வேண்டாம் என்று எழுதினாய் பார், அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே போய் டாக்டரைப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் திரை நீலம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. என் பனியனெல்லாம் இவ்வளவு வெள்ளையா என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் சுவரில் நான் மாட்டிவைத்த காளான் அத்தனையும் மூச்சடைத்துச் செத்தவர்கள் மாதிரி நீலம் பாரித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

பிறகு கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தேன். அச்சகத் தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்தேன். தாளும் மடிப்பும் ஒரே நிறம்.

தையல்காரம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நான் காட்டியதைத்தான் பறித்திருக்கிறார். தன் கண்ணை விட்டுவிட்டு என் கண்ணை நம்பிவிட்டார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உன் சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் டிரைவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். செத்துப்போன மனைவியை அவர் அவசரக்காரி என்றார், கவனமில்லாதவள் என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. வேலை முடிந்து வந்துவிட்டார். கேமராவோடு இறங்கப் போகிறேன். அவர் என்னை என்ன செய்தாலும் சரி.

அறையை வேறு எதற்காவது வைத்துக்கொள். அச்சகக் கட்டில் இதுதான் கடைசித் தாள். இனி உன்னிடம் எதற்கும் நிறம் கேட்க மாட்டேன்.

அப்பா