சிவப்புக் கோடு போட்ட பெரிய கொப்பி

4, திங்கள்

விடியவே மழை. குடை மறந்து, வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து கிளினிக் வரை ஓட்டம். வெள்ளை நேர்ஸ் உடுப்பெல்லாம் சேறு.

டொக்டரின் புதுத் திட்டத்துக்கு இது இரண்டாவது கிழமை. சீனி (நீரிழிவு) வருத்தக்காரர் தவறாமல் வரவேண்டும். வராதவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்கான பெரிய கொப்பி என் கைவேலை. சிவப்புக் கோடு. பெயர், சொந்த ஊர், கொழும்பில் தங்குமிடம், வந்த திகதி, கூட இருப்பவர்கள். வடிவாக இருக்கிறது என்றார் டொக்டர். எனக்குச் சரியான புளுகம், வாயெல்லாம் சிரிப்பு.

ஆனால் இன்று வந்தது ஒன்பது பேர். முன்பெல்லாம் திங்களில் வாங்கில் உட்கார இடமிராது.

5, செவ்வாய்

ராசம்மா அக்கா இன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர். காலில் புண். போன கிழமை நான் கொப்பியை விரித்ததும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவர்தான். மருந்துகூடக் கட்டவில்லை. சீனிக்காரியின் கால். நினைக்கவே பயமாக இருக்கிறது.

சனத்துக்கு அக்கறையில்லை என்று டொக்டரிடம் பொரிந்து தள்ளினேன்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட், சவர்க்காரம்.

7, வியாழன்

பத்து மணித் தேத்தண்ணி. நம்பர் கூப்பிடுகிற பிலோமினா அக்கா, கொட்டாஞ்சேனைக்காரி, கோப்பையை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"கோவிக்காதீங்க மிஸ்ஸி. தமிழாக்கள் பொலிஸில பதியப் போனா கேக்கிற அத்தனையும் உங்கட கொப்பியிலயும் இருக்கு. பொலிஸுக்குப் போயிருமோன்னு பயம். அப்ப யார் வருவாங்க?"

மண்டையில் அடித்த மாதிரி. அதே பொலிஸ் பதிவுப் போர்மை நானும்தானே நிரப்பிக் கொடுத்தேன். பிரதி இன்னும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என் மூளை எங்கே போனது?

டொக்டரிடம் ஒப்புக்கொண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். தானும் பார்த்துச் சரி என்றதுதானே என்றார். இனி எங்களிடம் நம்பர் மட்டும். வருத்த விபரம் சின்னக் கொப்பியில், அது நோயாளியின் கையில். வராதவருக்குப் பிலோமினா அக்கா வாயால் சொல்லி அனுப்புவார்.

நாற்பது பக்கக் கொப்பிகளைப் பாதியாக வெட்டி விரலில் கொப்புளம்.

8, வெள்ளி

பெரிய கொப்பியைப் பின் முற்றத்தில் பிலோமினா அக்கா கொளுத்தினார். வாங்கில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். மத்தியானம் லொட்ஜுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

10, ஞாயிறு

இரண்டு நாளாக நித்திரை சரியில்லை. ராசம்மா அக்காவின் கால்தான் கண்ணுக்குள்.

11, திங்கள்

வெயில். வாங்கு நிறைய ஆட்கள். கடைசியில் ராசம்மா அக்கா, நொண்டியபடி.

புண் ஆழமில்லை. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன், கால் தப்பியிராது என்றார் டொக்டர். அப்பாடா.

சின்னக் கொப்பியில் நம்பரை மட்டும் எழுதி நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேனையைத் தாங்கோ பிள்ளை. பேரை நான் எழுதிறன்."

எழுதினார். அதற்குக் கீழே, நான் கேட்காமலே, ஊரும்.

மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னேன்.