பதினோராம் கட்டிலில் படுத்திருந்தவர்

கோட்டைப்பட்டினம்
4.8.2025

அன்புத் தேவிக்கு,

பாசிலா எழுதுகிறேன். பிரசவ லீவில் நீயும் பிள்ளையும் சுகமா? போனில் பேசினால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாட்ஸ்அப்பில் போட்டால் எவளாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பாள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு.

ஜூன் மாதத்து அந்தக் காலை என்னை விடமாட்டேன் என்கிறது. ஏழு மணி, என் நைட் டியூட்டி முடியப்போகிற நேரம். பதினோராம் கட்டில் குழந்தைசாமிக்கு இன்சுலின் போட வேண்டும். அங்கே ஃபேன் ஓடவில்லை என்று அவர் பன்னிரண்டுக்கு மாறிவிட்டதும், காய்ச்சலில் நடுங்கிய வெள்ளைச்சாமி ஃபேனே வேண்டாமென்று பதினொன்றுக்கு வந்ததும் எனக்குத் தெரியாது. வெள்ளைச்சாமி அசந்து தூங்கினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி செவந்தியம்மாவிடம், "குழந்தைசாமிதானே?" என்றேன். தலையை ஆட்டினார். சர்க்கரையே இல்லாத மனிதருக்கு இன்சுலினைப் போட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு நீ வந்து, அவர் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்ததைப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றியிராவிட்டால் மனிதர் போயிருப்பார். கேஸ் ஷீட்டில் "காலை உணவு உண்ணாததால் சர்க்கரை குறைந்தது" என்று நீ எழுதியதும் எனக்காகத்தான். மறக்கமாட்டேன். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை, தேவி. சூப்பரின்டெண்டென்ட் புவனேஸ்வரி மேடத்திடம் சொல்லிவிடட்டுமா?

உன் பதிலுக்காகத் தவிக்கும்
பாசிலா


கீரமங்கலம்
9.8.2025

அடி பாசிலா,

உனக்கென்ன பைத்தியமா? வெள்ளைச்சாமி நல்லபடியாக வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இப்போது போய்க் கிணறு வெட்டிப் பூதத்தைக் கிளப்பப் போகிறாயா?

நீ நிரந்தர ஸ்டாஃப். உனக்கு ஒரு மெமோ கொடுப்பார்கள், திட்டுவார்கள், முடிந்தது. நான் ஐந்து வருடமாகக் கான்ட்ராக்டில் கிடக்கிறேன். நிரந்தரமாக்கும் பட்டியலில் இப்போதுதான் என் பேர் ஏழாவதாக வந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் பொய் எழுதினவள் என்று தெரிந்தால் மறுநாளே பேரை அடித்துவிடுவார்கள். நீ வாயைத் திறந்தால் விழப்போவது என் தலைதான்.

தப்பே செய்யாத நர்ஸ் யாரடி? அதை அன்றோடு விடு. நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை அழுகிறான், போகிறேன்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்
தேவி


கோட்டைப்பட்டினம்
18.8.2025

என் தேவிக்கு,

விடத்தான் நினைத்தேன். நேற்று முன்தினம் செவந்தியம்மா வந்துவிட்டார். புருஷனைச் செக்கப்புக்குக் கூட்டி வந்தவர், வார்டுக்கே வந்து ஒரு பை நிறைய வேர்க்கடலையை நீட்டினார். "ஒங்க கையாலதாம்மா இவுக பொழச்சாக."

அவரை உட்காரவைத்துக் கேட்டேன். "அன்னைக்கு நான் குழந்தைசாமின்னு கேட்டப்ப ஏம்மா தலைய ஆட்டுனீங்க?"

வெட்கத்தோடு சிரித்தார். "இல்லைன்னு சொன்னா, அப்ப பேரு என்னன்னு கேப்பீகளே. அவுக பேர நான் எப்புடித்தா வாயால சொல்றது?"

நாற்பது வருடமாக அவர் சொல்லாத பேர் அது. எந்த ஊசியென்று அவருக்கு என்ன தெரியும்? நான்தான் அவர் வாயில் ஒரு பேரை வைத்துவிட்டுப் பதிலுக்கு நின்றேன்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன், தேவி. கொண்டுவந்த பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானம் மாத்திரை கொடுக்கும் நேரத்தில் சும்மா நின்று பார்த்தேன். டிரெயினிங் பிள்ளைகள் கட்டில் கட்டிலாக "உடையப்பன்தானே?", "ராக்கன்தானே?" என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். பக்கத்திலிருக்கும் பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். இது இன்னொரு தடவை நடக்கும். அன்று நீ பக்கத்தில் இருக்கமாட்டாய்.

மருந்துத் தவறுகளை எழுதிப் போடச் சொல்லி பார்மசிச் சுவரில் ஒரு வருடமாக ஒரு பெட்டி தொங்குகிறதே, அதில் இதுவரை பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும்தான் விழுந்திருக்கின்றன. இன்று நான் எழுதிப் போட்டேன். என் தவறை மட்டும் எழுதினேன். உன் பேர் அதில் இல்லை. என் வாயிலிருந்தும் வராது, அல்லா மீது ஆணை.

மன்னித்துவிடு.
பாசிலா


கோட்டைப்பட்டினம்
3.9.2025

தேவி,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். கோபம் நியாயம்தான். ஒரு வரி திட்டியாவது எழுது.

விசாரணை நேற்று நடந்தது. ஊசி விஷயத்தில் மேடம் நான் பயந்த அளவுக்குத் திட்டவில்லை. இனி வார்டில் யாரும் "தானே" என்று கேட்கக் கூடாதாம். "பேரு என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். சொல்லத் தயங்கினால் ஓ.பி. சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். நோயாளிகள் கையில் பேர்ப்பட்டையும் வரப்போகிறது.

கடைசியில்தான் கேஸ் ஷீட்டைத் திருப்பினார்கள். கையெழுத்து வெறும் கிறுக்கல். அன்று காலை டியூட்டியில் மூன்று பேர். "இத எழுதுனது யாரும்மா?" என்றார் மேடம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் பொய்க் குறிப்பும் என் கணக்கில்தானாம். ஆகட்டும். நீ பயப்படாதே.

பாசிலா


கீரமங்கலம்
6.9.2025

பாசிலா,

உன் கடிதம் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பெரிய தியாகி! செவந்தியம்மாவுக்கு அவர் புருஷன் பேர், உனக்கு என் பேரா? அவர் சொல்லாததால் ஒரு உயிர் போகப் பார்த்தது. நீ சொல்லாமல் நின்று வேலையைத் தொலைத்துவிட்டு வந்தால், நான் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்னடி செய்வேன்?

நேற்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வார்டுக்குள் நுழையும்போது ஒரு டிரெயினிங் பிள்ளை ஒரு அம்மாவிடம், கட்டிலில் கிடந்த புருஷன் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில் சீட்டை எடுத்து அதில் விரலை வைத்தார். அந்தப் பிள்ளை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தாள்.

மேடத்திடம் போய் நின்றேன். கேஸ் ஷீட்டை என் பக்கம் திருப்பி, "இது யாரு கையெழுத்து?" என்றார். "தேவிப்ரியா" என்றேன். பட்டியல் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர நாளாகும். வருகிற ஞாயிறு பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன். வந்துவிடு.

கு. தேவிப்ரியா