ஐஸ் பிளான்ட்டில் நீ தோண்டிய எர்த் குழி

இன்று ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் பம்ப் அறைக்கு, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி எடுத்தோம். கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் விட்டதும் எழுந்த ஈரக்கரி வாடை என்னை மாயாபந்தருக்கு, உன்னிடம், கொண்டுபோய்விட்டது.

ஜெட்டிக்குப் பக்கத்து ஐஸ் பிளான்ட்டில் நாம் இருவரும் எலக்ட்ரீஷியன்கள். கம்ப்ரஸருக்குப் புது கண்ட்ரோல் பேனல் வந்திருந்தது. பழைய எர்த் பட்டையோ உப்புக்காற்றில் அரித்துப் பொடிந்து கிடந்தது. மெயின்லேண்டிலிருந்து புதுப் பட்டை கொண்டுவர வேண்டிய கப்பல் வரவில்லை. நீ பட்டை தேடி ரங்கத்துக்குப் போயிருந்தாய். ஐஸ் கேட்டுப் படகுக்காரர்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பேனலின் இரும்புப் பெட்டியை நியூட்ரல் வயரோடு சேர்த்து முடுக்கி, கம்ப்ரஸரை ஓட்டிவிட்டேன். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

மதியம் பஸ்ஸில் பட்டையோடு வந்து இறங்கினாய். பேனலைத் திறந்து பார்த்ததும் மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

"இது எர்த்தா லே? நியூட்ரல் எங்கயாச்சும் அறுந்துச்சுன்னா பெட்டி பூரா கரண்டு நிக்கும். கதவத் தொடுறவன் பொழைக்க மாட்டான்."

எல்லோர் முன்னாலும் சொன்னாய். எனக்கு முகம் எரிந்தது. "பெரிய இன்ஜினியரு நீ! அங்க மீன் அழுகுது, போய்ப் பாரு" என்றேன். நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாய். மறுநாள் வரை தனியாகவே தோண்டி, என் நியூட்ரல் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதுப் பட்டையைப் பெட்டியோடு சேர்த்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. ஒரே பிளான்ட்டில், ஒரே ஷிஃப்டில், எட்டு மாதம். பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. வைத்தியத்துக்குக் கப்பலில் சென்னைக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

போன மழையில் மரம் விழுந்து, பிளான்ட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி அறுந்தது. பல்புகள் படபடவென்று வெடித்தன. ஆபரேட்டர் பிமலின் கை அப்போது பேனல் கதவில் இருந்தது. ஓடினேன். அவன் சாதாரணமாகத் திரும்பி, "க்யா ஹுவா பாய்? சப் பல்ப் ஃபூட் கயா" என்றான், என்ன ஆச்சு, பல்பெல்லாம் வெடித்துப்போச்சே என்று. அவனுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பாவம், அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் ரங்கத்தில் உன் வீட்டுக்குப் போய், உன் மனைவியிடம் பிளான்ட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் மாலை போட்ட உன் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவுக உங்க மேல கோவமா இல்லண்ணே. கப்பல் எடுக்குற வரைக்கும் ஜெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. 'வருவான், வழியில இருப்பான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாவ."

நான் வந்திருந்தேன். சரக்கு லாரிக்குப் பின்னால் நின்று, நீ கைத்தாங்கலாகக் கப்பலில் ஏறுவதைப் பார்த்தேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.