நஸ்ரின் ஜாடியின் மூடி

வியாழன், இரவு

எங்கள் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த நஸ்ரினின் ஜாடியில் இன்று பல்பு எரிந்தது. சதுப்புநிலச் சேற்றில் வாழும் பாக்டீரியா, உணவை உடைக்கும்போது வரும் எலக்ட்ரான்களைக் கம்பியில் இறக்கிவிடும். அந்த மின்சாரத்தில் எரிந்த பல்பு அது. அதே சேற்றோடு நான் இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன்; என் ஜாடியில் ஒரு தடவைகூட எரிந்ததில்லை. அவள் வந்து மூன்று மாதம்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

மாலையில் கிளம்பும்போது அவள் ஜாடியின் மூடி லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தேன். காற்று புகுந்தால் பாக்டீரியா எலக்ட்ரான்களை ஆக்ஸிஜனுக்கே கொடுத்துவிடும். காலையில் பல்பு எரியாது. ஒரு திருகு திருகினால் போதும். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் மனசு கேட்கவில்லை. செங்காங் ஸ்டேஷனில் இறங்கியதும் அவளுக்குப் போன் பண்ணினேன்.

"நஸ்ரின், உன் ஜாடி மூடி லூசா இருந்துச்சுன்னு நினைக்கிறேன்."

"ஆமாக்கா, குடையை மறந்துட்டுத் திரும்பிப் போனேன், அப்பவே பார்த்து மூடிட்டேன். உங்க ஜாடி மூடியிலயும் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்துச்சு லா. அதான் உங்களுக்குக் கரண்ட் வரலையோ என்னமோ. புதுசு மாத்திட்டேன்."

இரண்டு வருஷம். ஒரு ரப்பர் வளையம்.

தேங்க்ஸ் என்று மட்டும் சொன்னேன். பார்த்தும் மூடாமல் வந்ததைச் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் இந்நேரம் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.